முகாமுக்குப் போன கமிஷனர்

ஒரு காட்டில் இது நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும், குழந்தைகளே. ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவனுக்கே இதில் பல வருஷங்களாகச் சந்தேகம். அவனுக்கு இதைச் சொன்னது ஒரு காகம். அந்தக் காகம் பொய் சொல்லாது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. பொய்தான் சொன்னது என்றும் நிரூபிக்க முடியவில்லை. ஆகவே அது சொன்னபடியே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அந்தக் காட்டின் ஓரத்தில் ஒரு சோதனைச்சாவடி இருந்தது. மலை ஏறும் பஸ்ஸும் மலை இறங்கும் லாரியும் அங்கே நின்றுதான் போக வேண்டும். சாலையின் குறுக்கே கறுப்பும் வெள்ளையுமாக வர்ணம் அடித்த ஒரு நீளமான கம்பம். காவலர் தங்கப்பழம் ஒரு கையில் டீ கிளாஸும் மறு கையில் கயிறுமாக நிற்பார். கயிற்றைத் தளர்த்தினால் கம்பம் மேலே போகும்.

கம்பத்தின் மேல் அந்தக் காகம் உட்கார்ந்திருக்கும். கம்பத்தின் கீழ் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். நாயின் பெயர் கமிஷனர். யார் வைத்த பெயரோ, அது படுத்திருக்கும் தோரணைக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது.

வண்டி வந்து நிற்கும். கமிஷனர் எழுந்து, சோம்பல் முறித்து, வண்டிக்கு எதிரே போய் நின்று குரைக்கும். தங்கப்பழம் கயிற்றைத் தளர்த்துவார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும். கமிஷனர் சாலை வளைவு வரை பின்னாலேயே ஓடிக் குரைத்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும்.

"பார்த்தியா? ஓடிட்டான்" என்று காகத்திடம் சொல்லும்.

"இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன்கூட நின்னதில்லையே!" என்று காகம் ஒத்து ஊதும்.

"நிப்பானா?"

குட்டியாக இருந்த நாள் முதல் கமிஷனர் அப்படித்தான் நம்பி வந்தது. தேயிலை ஏற்றிய லாரி, மூங்கில் ஏற்றிய லாரி, கல்யாணக் கூட்டம் பிதுங்கும் வேன், எல்லாமே தன் குரலுக்குப் பயந்துதான் ஓடுகின்றன. கம்பம் எதற்காக மேலே போகிறது? அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தது. அது தங்கப்பழம் தனக்கு அடிக்கும் சல்யூட்.

இப்படி இருக்கையில் காட்டுக்குள்ளே ஒரு காரியம் நடந்தது.

மழைக்காலம் முடிந்ததும் நகரத்து மனிதர்கள் சிலர் ஓடைக்கரைப் பாறையில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். விலங்குகள் புதருக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும். அந்த வருஷம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மனிதர்கள் கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டு, தாங்கள் கூட்டி வந்த நாயை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

மந்திக்குத் தலைகால் புரியவில்லை. யார் எதைச் செய்தாலும் அதை உடனே தானும் செய்து பார்க்காவிட்டால் மந்திக்குச் சோறு இறங்காது.

"நாமளும் முகாம் போடுவோம்!" என்று குதித்தது.

"முகாம்னா என்ன?" என்று கேட்டது முள்ளம்பன்றி. எதற்கெடுத்தாலும் கவலைப்படுவது அதன் சுபாவம்.

"வீட்டை விட்டுட்டு வந்து காட்டில தங்குறது."

"நாம தினமும் காட்டிலதானே தங்குறோம்?"

"அதுதான் பெரிய குறை" என்றது மந்தி. "நாம தங்குறோம். ஆனா முகாம்னு நினைச்சுத் தங்குறதில்லை."

கரடிக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும். "சாப்பாடு உண்டா?"

"முகாம்னாலே சாப்பாடுதான், அண்ணே!"

"அப்போ நான் தயார்."

மூன்றும் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தன. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. மந்தி நெற்றியைச் சொறிந்தபடி யோசித்தது. திடீரென்று கை தட்டியது.

"நாய்! நாய் இல்லாம முகாம் ஏது? அவங்க ஒவ்வொரு தடவையும் ஒரு நாயைக் கூட்டிட்டுத்தானே வந்தாங்க?"

"அவங்க நம்மளுக்குப் பயந்து கூட்டிட்டு வந்தாங்க" என்றது முள்ளம்பன்றி. "நாம யாருக்குப் பயந்து கூட்டிட்டு வரணும்?"

"அதை நாயே முடிவு பண்ணிக்கும். அதுதான் அதோட வேலை."

இப்படித்தான் மூன்று பேரும் கமிஷனரைத் தேடி வந்தார்கள். தங்கப்பழம் குளிக்கப் போயிருந்த நேரம். சாலையோரப் புல்லில் கரடியைக் கண்டதும் கமிஷனரின் கால்கள் பின்வாங்கப் பார்த்தன. அந்தஸ்தை நினைத்து அவற்றை அடக்கிக்கொண்டது.

"கமிஷனர் ஐயா," என்று மந்தி கும்பிட்டது. "முகாமுக்கு நீங்க வரணும். காவல் பொறுப்பு முழுக்க உங்களோடது."

கமிஷனர் மூக்கை நக்கிக்கொண்டது. பெரிய பதவியில் இருப்பவர்கள் உடனே சரி சொல்லக் கூடாது.

"முகாமில நாய்க்கு என்ன மரியாதை?"

"கூடாரத்துக்குள்ளேயே படுக்கை. காதுக்குப் பின்னால சொறிஞ்சு விடுவாங்க."

"யார் சொறிவாங்க?"

"நான் சொறியவா?" என்று முள்ளம்பன்றி ஆசையோடு முன்னால் வந்தது.

"கரடி சொறியட்டும்" என்றது கமிஷனர் அவசரமாக.

கரடி தன் நீண்ட நகங்களால் மெதுவாகச் சொறிந்தது. கமிஷனரின் கண்கள் சொருகின. ஒரு பின்னங்கால் தானாக ஆட ஆரம்பித்தது. பேரம் அத்துடன் முடிந்துவிட்டது.

கிளம்பும்போது முள்ளம்பன்றி அதன் அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னது:

"ஐயா, ஒண்ணு சொல்லணும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுத்தை இருக்கு. அது ரொம்ப பிடிவாதக்காரன். அதுக்கு மான் வேண்டாம், முயல் வேண்டாம். நாய் வாசனை வந்தா எல்லாத்தையும் விட்டுட்டு நாயைத் தேடித்தான் வரும்."

"வரட்டும்" என்றது கமிஷனர். "லாரியும்தான் என்னைத் தேடி வருது. அப்புறம் என்ன ஆகுது?"

"என்ன ஆகுது?"

"ஓடிப்போகுது. வேணும்னா காகத்தைக் கேளு."

"ஓடிப்போகுது, ஓடிப்போகுது" என்றது காகம். முகாமை வேடிக்கை பார்க்க அதுவும் கூடவே பறந்தது.

ஓடைக்கரையில் ஒரே கொண்டாட்டம். மனிதர்கள் செய்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் செய்ய வேண்டும் என்று மந்தி உத்தரவு போட்டது.

முதலில் நெருப்பு. நெருப்பு என்றால் எல்லோருக்கும் பயம். ஆகவே செங்காந்தள் பூக்களைப் பறித்து வந்து நடுவில் குவித்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாக இதழ்கள் மேல்நோக்கி வளைந்து, பார்க்க அசல் தீ மாதிரியே இருந்தது. சுற்றி உட்கார்ந்து கைகளை நீட்டினார்கள்.

"ஆகா, இதமா இருக்கு" என்றது கரடி.

"கிட்டப் போகாதீங்க அண்ணே, ரோமம் பொசுங்கிடும்" என்றது மந்தி.

"எனக்கு ஒண்ணும் சுடலையே" என்றது முள்ளம்பன்றி.

"நீ சரியா உட்காரலை. நம்பி உட்காரு."

முள்ளம்பன்றி நம்பி உட்கார்ந்து பார்த்தது. சற்று நேரத்தில் அதற்கு வியர்த்தது.

அடுத்து படம் பிடித்தார்கள். மந்தி ஒரு மரப்பட்டையைக் கையில் தூக்கிப் பிடித்தது. மற்றவர்கள் வரிசையாக நின்று பல்லைக் காட்டினார்கள். மந்தி பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கரடி அண்ணன் கண்ணை மூடிட்டார், இன்னொரு தடவை!" என்றது. பத்துப் படம் பிடித்தும் கரடி ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடியது. ஒவ்வொரு தடவையும் பட்டையில் தன்னைத் தேடிப் பார்த்து வருத்தப்பட்டது.

அப்புறம் பாட்டு. முள்ளம்பன்றி முட்களை உதறித் தாளம் போட, கரடி பெருங்குரலில் இழுக்க, ஓடையில் இருந்த தவளைகளெல்லாம் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டன.

கமிஷனரும் தன் வேலையை ஆரம்பித்தது. புதர் அசைந்தது. "யார் அது?" என்று குரைத்தது.

"நான்தான், ஐயா" என்று கரடி வாயில் தேனடையுடன் வந்தது.

கிளை முறிந்தது. "யார் அது?"

"நான்தான்" என்றது மந்தி.

இலை சரசரத்தது. "யார் அது?"

"நான்தான். நம்மைச் சுற்றி யாராவது இருக்காங்களான்னு பார்க்கப் போனேன்" என்றது முள்ளம்பன்றி.

கமிஷனருக்குக் குழப்பமாகிவிட்டது. சாவடியில் குரைத்தால் எதிரே இருப்பவன் போவான். இங்கே குரைத்தால் எதிரே இருப்பவன் வந்து பக்கத்தில் உட்காருகிறான். இருந்தாலும் கரடி காதைச் சொறிந்துகொண்டே இருந்ததால் அதைப் பற்றி மேலே யோசிக்க முடியவில்லை.

ஆனால் எல்லாவற்றையும்விட மந்தியை மயக்கியது கூடாரத்தின் ஜிப்தான். இழுத்தால் சர்ரென்று மூடும். திருப்பி இழுத்தால் சர்ரென்று திறக்கும். பொழுது சாயத் தொடங்கி எல்லோரும் உள்ளே நுழைந்ததும், மந்தி வாசலிலேயே உட்கார்ந்து ஜிப்பின் பொறுப்பை எடுத்துக்கொண்டது.

"இங்கே ஒரு சட்டம் உண்டு" என்றது. "யார் வந்தாலும் போனாலும் உடனே மூடிடணும். இல்லைன்னா கொசு வந்துடும்."

கரடி தண்ணீர் குடிக்கப் போனது. சர்ர். திரும்பி வந்தது. சர்ர். முள்ளம்பன்றி கரடி பத்திரமாக வந்துவிட்டதா என்று பார்க்கப் போனது. சர்ர். கரடி உள்ளேதான் இருக்கிறது என்று தெரிந்து திரும்பி வந்தது. சர்ர். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது. கமிஷனர் கூடாரத்தின் கடைசி மூலையில், மெத்தென்ற துணி மடிப்பின் மேல் மல்லாந்து படுத்திருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையை அது கண்டதில்லை. காவலாளி வாசலில் அல்லவா படுக்க வேண்டும் என்று அதற்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை.

கரடி மறுபடியும் தேன் தேடி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, சோம்பல்பட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மந்தி சிரித்துக்கொண்டிருந்ததால் ஜிப்பை மூட ஒரு கணம் தாமதமாயிற்று.

அந்த ஒரு கணத்தில் யாரோ ஒருவர் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்தார். புள்ளி போட்ட நீளமான வால் ஒன்று கடைசியாக உள்ளே போவதை மந்தி பார்த்தது.

"வாங்க, வாங்க, கொசு வந்துடும்" என்று சொல்லிச் சர்ரென்று மூடியது.

மூடிய பிறகுதான் திரும்பிப் பார்த்தது. புள்ளி போட்ட வால் உள்ளவர் யாரும் முகாமுக்கு வருவதாக இல்லையே!

கமிஷனரின் மூக்கில் ஒரு புது வாசனை ஏறியது. கண்ணைத் திறந்தது. மங்கலான வெளிச்சத்தில் இரண்டு கண்கள் நேராகத் தன்னையே பார்ப்பதைக் கண்டது. அவை வேறு யாரையும் பார்க்கவில்லை. கரடியைப் பார்க்கவில்லை, மந்தியைப் பார்க்கவில்லை. முள்ளம்பன்றி சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக அதன் நினைவுக்குத் திரும்பி வந்தது.

கமிஷனர் எழுந்தது. ஓட மூலையில் இடமில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தது. மூங்கில் லாரிக்குக் குரைக்கும் பெரிய குரைப்பை எடுத்து விட்டது.

சிறுத்தை போகவில்லை.

சிறுத்தை பாய்ந்தது. அதே நேரம் கரடி அலறிக்கொண்டு எழுந்தது. கூடாரத்தின் நடுக்கம்பு கரடியின் தலையில் இடித்து முறிந்தது. துணி முழுவதும் எல்லோர் மேலும் சரிந்து விழுந்தது.

அதன் பிறகு யார் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வெளியே கிளையில் இருந்த காகத்துக்கு ஒரு பெரிய துணிமூட்டை பாறைமேல் உருண்டு, துள்ளி, உதைத்து, அலறுவது மட்டும் தெரிந்தது. துணியில் இருந்த ஒரு கிழிசலில் கண்ணை வைத்து மீதியைப் பார்த்ததாகக் காகம் சாதிக்கிறது.

"என் வாலை விடு!"

"இது வாலா? கயிறுன்னு நினைச்சேன்!"

"ஐயோ, குத்துது!"

"மன்னிக்கணும், பயந்தா எனக்கு முள் விறைச்சுக்கும்!"

"யார் மேல உட்கார்ந்திருக்கேன்?"

"என் மேல!" என்று சிறுத்தை உறுமியது. கரடி இன்னும் சத்தமாக அலறியது. ஆனால் எழுந்திருக்க வழியில்லாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது.

கமிஷனர் தொண்டை கிழியக் குரைத்தது. பஸ்ஸுக்கான குரைப்பு, வேனுக்கான குரைப்பு, இரவில் வரும் பால் வண்டிக்கென்று தனியாக வைத்திருந்த குரைப்பு, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தது. சிறுத்தை போகவில்லை. கரடிக்கு அடியில் கிடந்தபடியே நாலா பக்கமும் அறைந்தது. அதன் நகம் கமிஷனரின் காதோரமாகச் சீவிக்கொண்டு போனது. அடுத்த அறை எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

கமிஷனருக்கு அழுகையே வந்துவிட்டது.

"போயேன்! நான் இவ்வளவு குரைக்கிறேன், ஏன் போக மாட்டேங்குற?"

"எப்படிப் போறது?" என்று சிறுத்தை கத்தியது. அதன் குரலில் இப்போது பசி இல்லை. மூக்கில் முள்ளும் முதுகில் கரடியும் இருந்தால் யாருக்குப் பசிக்கும்? "நாய் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், மூச்சு முட்டுது! வழி எங்கே இருக்கு, சொல்லு!"

கமிஷனர் குரைப்பதை நிறுத்திவிட்டது.

அதுவரை வாழ்நாளில் யாரும் அதனிடம் வழி கேட்டதில்லை. லாரிகள் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை? அவற்றுக்கு எதிரே வழி திறந்து கிடந்தது. யார் திறந்தது? கறுப்பும் வெள்ளையுமான கம்பம் மேலே போவது கமிஷனரின் கண்ணுக்குள் வந்தது. கயிற்றைத் தளர்த்தும் கை வந்தது. அந்தக் கை சல்யூட் அடிக்கவில்லை. இத்தனை நாளும் அடிக்கவில்லை.

அது மிகவும் சங்கடமான ஒரு கணம். ஆனால் சங்கடப்பட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை. கமிஷனர் வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு துணிக்கடியில் ஊர்ந்தது. சிறுத்தையின் காலுக்கு அடியிலேயே நுழைந்து அந்தப் பக்கம் போனது. மூக்கால் தடவித் தடவி வாசலைக் கண்டுபிடித்தது. அங்கே மந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் ஜிப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

"விடு! திறக்கணும்!"

"மாட்டேன்! கொசு வந்துடும்!"

"கொசு வரட்டும்! சிறுத்தை போகட்டும்!"

மந்தியின் கையில் மெதுவாக ஒரு கடி கடித்தது. மந்தி ஜிப்பை விட்டது. கமிஷனர் ஜிப்பின் முனையைப் பல்லால் கவ்வி இழுத்தது.

சர்ர்ர்.

மாலைக் காற்று உள்ளே வந்தது. ஓடையின் சத்தம் உள்ளே வந்தது. அடுத்த நொடி ஏதோ ஒன்று கரடியை உதறிவிட்டு, கமிஷனரைத் தாண்டி, செங்காந்தள் நெருப்பைச் சிதறடித்து, ஓடையை ஒரே தாவாகத் தாவி, மூக்கில் முட்களோடு மறைந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போதுதான் கமிஷனர் குரைக்க வேண்டிய நேரம். ஓடுகிறவன் பின்னால் வளைவு வரை போய்க் குரைப்பதுதானே அதன் வழக்கம்? அது வாயைத் திறந்தது. என்னவோ, சத்தம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டது.

துணிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கரடி தன் கை கால்களை எண்ணிப் பார்த்துக்கொண்டது. மந்திதான் முதலில் கத்தியது:

"கமிஷனர் ஐயா சிறுத்தையை விரட்டிட்டார்!"

"நான் விரட்டலை" என்றது கமிஷனர். "திறந்துவிட்டேன். அது போச்சு."

"எவ்வளவு அடக்கம் பாருங்க!" என்று கரடி அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது.

"நிஜமாத்தான் சொல்றேன். குரைச்சதுக்கு அது போகலை."

"சிறுத்தையை விரட்டினவர் இப்படித்தான் பேசுவார்" என்றது மந்தி. அதைச் சுற்றி ஆட ஆரம்பித்தார்கள். முள்ளம்பன்றி மட்டும் கமிஷனரின் முகத்தைப் பார்த்து, "காதில ரத்தம் வருது ஐயா" என்றது. பிறகு, அருகில் இருந்த இலையை எடுத்துக் கொடுத்துவிட்டு அதுவும் ஆடப் போனது.

ஆட்டத்துக்கு நடுவிலும் மந்தி ஒரு காரியத்தை மறக்கவில்லை. யாருமே உள்ளே இல்லாத, தரையில் கிடந்த கூடாரத்தின் ஜிப்பை எதற்கும் இருக்கட்டும் என்று மூடி வைத்தது.

மறுநாள் காலை கமிஷனர் சாவடிக்குத் திரும்பி வந்தது. "எங்கேடா போயிட்ட, கமிஷனரே? யாருடா காதைக் கடிச்சது?" என்று தங்கப்பழம் அதட்டிவிட்டு ஒரு பொறை ரொட்டியைப் போட்டார். காகம் முன்னாலேயே வந்து கம்பத்தின் மேல் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மலையிலிருந்து முதல் லாரி இறங்கி வந்து நின்றது. தேயிலை லாரி.

கமிஷனர் எழுந்தது. சோம்பல் முறித்தது. லாரிக்கு எதிரே போய் நின்றது. லாரியைப் பார்த்தது. கம்பத்தைப் பார்த்தது. கம்பத்திலிருந்து இறங்கும் கயிற்றைப் பார்த்தது. கயிற்றைப் பிடித்திருந்த கையை நெடுநேரம் பார்த்தது. தங்கப்பழம் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கயிற்றைத் தளர்த்தினார். கம்பம் உயர்ந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த காகம் பறக்க வேண்டியதாயிற்று.

காகத்தின் கதை இவ்வளவுதான். எப்போது சொன்னாலும் தான் பறந்த இடத்தில் சரியாக நிறுத்திவிடும்.

சிறுத்தை வந்ததா, செங்காந்தளில் குளிர் காய முடியுமா, கிழிசல் வழியாக அவ்வளவும் தெரியுமா என்றெல்லாம் வருஷக்கணக்காகச் சந்தேகப்பட்டவன், கடைசியில் ஒருநாள் அவை எதையும் கேட்கவில்லை. இது ஒன்றைத்தான் கேட்டான்:

"நீ பறந்தது சரி, காகமே. பறக்கிறவனுக்கும் காது கேட்குமே! அன்னிக்கு அந்த லாரி போனபோது, கமிஷனர் குரைச்சுதா, இல்லையா?"

நீதி: போகிறவனை விரட்டியதாகப் பெருமை கொள்ளாதே; போக முடியாதவனுக்குக் கதவைத் திற.